காசோலையில் யார் கையெழுத்து?

திருவனந்தபுரத்தில் ஓய்வூதியம் வரும் வீடுகளில் என்றாவது ஒரு நாள் எழும் கேள்வி இது: அப்பாவின் காசோலைப் புத்தகம் இனி யாரிடம் இருப்பது? தலைமைச் செயலகமும் விண்வெளி மையமும் உள்ள ஊர். ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளில் பலர் வளைகுடாவில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கேரள மக்களில் 12.6 சதவீதத்தினர் 60 வயதை எட்டியவர்கள். தமிழகத்தில் 10.4, நாடு முழுவதும் 8.6.

முதுமை எல்லாத் திறன்களையும் ஒரே நாளில் பறிப்பதில்லை. புதிய விவரங்களை உள்வாங்கும் வேகமும், நாலைந்தை ஒரே சமயத்தில் ஒப்பிடும் திறனும் முதலில் தளர்கின்றன. அனுபவ அறிவு நெடுநாள் நிலைக்கிறது. சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசி ஜெயிப்பவர், மூன்று காப்பீட்டுத் திட்டங்களை முன்னால் வைத்தால் திணறுவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மொத்தப் பொறுப்பையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இயல்பான தளர்ச்சி எது, நோய் எது என்று பிரித்தறிய இந்த ஊரிலேயே முயற்சி நடந்தது. ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் நிபுணர் பி.எஸ். மதுரநாத், கேம்பிரிட்ஜில் உருவான ஆடன்புரூக் அறிவுத்திறன் சோதனையை 2000ல் வெளியிட்ட குழுவில் இருந்தவர். 2004ல் அவரும் சகாக்களும் அதை மலையாளம் பேசுவோருக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டனர். பிறகு, அன்றாட வேலைகளை அளக்கும் கேள்விப் பட்டியல் ஒன்றும் வந்தது. அது எளிதான காரியமல்ல. அடுப்படிப் பக்கமே போகாத ஆணிடம் சமையலைப் பற்றிக் கேட்டு மறதியை எப்படி அளப்பது?

குடும்பங்கள் பெரிதும் நம்புவது பவர் பத்திரத்தை. ஒப்பந்தச் சட்டத்தின் 201வது பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. மழை வந்ததும் மடங்கிக்கொள்ளும் குடை! கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019ல் வழிமுறை வகுத்தது. மறதி மெல்ல மெல்லக் கூடும் முதியவருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே வீட்டுக்குள் செய்யக்கூடியவையே முக்கியம். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். சரியாகக் கேட்காததால் எடுத்த தவறான முடிவு மறதிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெரிய விஷயங்களைக் களைப்பில்லாத காலை வேளையில் பேசலாம். இரண்டே வழிகளை முன்வைத்து, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லலாம். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் தொலைபேசிப் பேர்வழிகள் அவசரப்படுத்துவதையே ஆயுதமாக்குகிறார்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930ல் புகார் செய்யும்படி அவரிடம் முன்பே சொல்லிவைக்கலாம்.

வங்கிகளுக்கும் பொறுப்பு உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யும்படி ரிசர்வ் வங்கி 2017ல் அறிவுறுத்தியது. நோயால் கையெழுத்திட முடியாதவர் விரல் ரேகை வைத்தே பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி.