விந்தகத்துக்கும் உண்டு காவல்

விதைப்பையில் வலியோ வீக்கமோ கண்ட ஆண்கள் பலர், வெட்கத்தால் சில நாட்கள் பொறுத்திருந்த பின்னரே எங்களிடம் வருகின்றனர். அப்பகுதியை உடல் எவ்வாறு காக்கிறது என்பதையும், அக்காவல் எங்கே தளர்கிறது என்பதையும் அறிந்தால் இந்தத் தாமதம் குறையும் என நம்புகிறோம்.

சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுடையது. கிருமிகள் அத்தனை தூரம் ஏறுவதற்குள் சிறுநீரின் ஓட்டம் அவற்றை அடித்துச் சென்றுவிடும். அதைத் தாண்டினால் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. அதன் நீரில் செறிந்துள்ள துத்தநாகம் பல பாக்டீரியாக்களைக் கொல்ல வல்லது. (இதைப் படித்துவிட்டுத் துத்தநாக மாத்திரை வாங்க வேண்டியதில்லை.) விந்தகத்தின் பின்புறம் ஒட்டியுள்ள எபிடிடிமிஸ், சுமார் 6 மீட்டர் நீளக் குழாய் சில சென்டிமீட்டருக்குள் சுருண்டு கிடப்பது. அதன் உட்சுவர் சுரக்கும் டிஃபென்சின் என்னும் புரதங்கள் கிருமிகளின் மேலுறையைத் துளைத்து அழிக்கின்றன. இவையெல்லாம் தடுப்பூசியால் வந்தவை அல்ல, பிறவியிலேயே அமைந்தவை.

விந்தகத்தின் நிலையோ வேறு. விந்தணுக்கள் பருவ வயதில்தான் உருவாகத் தொடங்குகின்றன. தன்னுடையது எது, அந்நியம் எது என்பதை நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு வெகு முன்னரே கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆகவே விந்தணுக்களை அது பகையாகக் கருதக்கூடும். இதைத் தவிர்க்கவே செர்டோலி செல்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு தடுப்பை எழுப்பியுள்ளன. அங்குள்ள காவல் செல்களும் அடக்கத்துடனேயே செயல்படுகின்றன. எனினும் வைரஸ் நுழைந்தால் அழற்சி மூளவே செய்யும். விந்தகத்தைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. அதனால் வீக்கத்தின் அழுத்தம் உள்ளிருக்கும் நுண்குழல்களையே நசுக்குகிறது.

பொன்னுக்கு வீங்கி பருவமடைந்த ஆண்களுக்கு வரும்போது இதுவே நேர்கிறது. கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிப்பதால் தீங்கில்லை. ஆனால் விந்தகத்தை அது காக்காது. எம்எம்ஆர் தடுப்பூசி காக்கும். இந்நோயால் ஆண்மை போய்விடும் என்ற அச்சமும் மிகையானது. விந்தணு எண்ணிக்கை குறையலாம். முழு மலட்டுத்தன்மை அரிது.

பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் எபிடிடிமிஸில் தொடங்குகிறது. இளைஞர்களுக்கு அது பாலுறவு வழியே வரக்கூடும். அப்போது துணைவருக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. முதியோருக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குவது காரணமாகலாம். ஆன்டிபயாடிக் தொடங்கிய சில நாட்களில் வலி தணியும். வீக்கம் வாரக்கணக்கில் நீடிக்கலாம். வலி தணிந்தது என்று மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்.

திடீரெனக் கடும் வலி, அதனுடன் குமட்டல் அல்லது வாந்தி என்றால், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம், அது தொற்றாக இல்லாமல் விந்தகம் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் விந்தகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. பெற்றோர் வலி மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் அழைத்து வாருங்கள்.

தொற்று நீங்கிய உடனே செய்யும் விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம். புதிய விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகும். அதன் பின்னர் மறுபரிசோதனை செய்தே நாங்கள் கருத்துக் கூறுவோம்.