பிரசவ அறையைப் பார்வையிடுவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தரும் விகிதம் 99.6%. இவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்கள். எங்கே பிரசவம் பார்ப்பது என்பதை முன்பு வீட்டுப் பெரியவர்களும் குடும்ப மருத்துவரும் முடிவுசெய்தார்கள். இப்போது நகரங்களில் ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ குடும்பத்துடன் சென்று, இரண்டு மூன்று மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. பெரிய மருத்துவமனைகள் சில, இதற்கென்றே அலுவலர்களை நியமித்து, நாளும் நேரமும் குறித்துக் கொடுத்து அழைத்துச் செல்கின்றன.

நல்ல வழக்கம்தான். ஆனால், அந்த ஒரு மணி நேரத்தில் நமக்கு எது காட்டப்படுகிறது, எது காட்டப்படுவதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. என் மகளின் தலைப்பிரசவத்தை முன்னிட்டு, அவளது 30ஆவது வாரத்தில் மூன்று தனியார் மருத்துவமனைகளுக்கு அவளுடன் சென்றுவந்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், அதையொட்டிப் படித்தறிந்தவற்றிலிருந்தும் சிலவற்றைப் பகிர்ந்துகொள்வது, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

காட்டப்படும் அறைகள்: நாங்கள் முதலில் சென்றது பெரிய மருத்துவமனை. இருவர் தங்கும் அறை, தனி அறை, வரவேற்பறையுடன் கூடிய சொகுசு அறை என்று வாடகை வாரியாகக் காட்டினார்கள். உடன் தங்குபவருக்கான சோபா, தொலைக்காட்சி, குழந்தையுடன் ஒளிப்படம் எடுக்கும் ஏற்பாடு, வீடு திரும்பும் நாளில் வெட்டுவதற்கான கேக் என அனைத்தும் விளக்கப்பட்டன. பிரசவ அறையைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, தொற்று அபாயம் கருதி வெளியாட்களை அனுமதிப்பதில்லை என்றார் அலுவலர். அது நியாயமான காரணம்தான். “இங்கே எத்தனை சதவீதம் சிசேரியன்?” என்று என் மகள் கேட்டாள். “அது ஒவ்வொருவருடைய உடல்நிலையைப் பொறுத்தது, மேடம்” என்று பதில் வந்தது. இது உண்மைதான் என்றாலும், கேட்ட கேள்விக்கான விடை அல்ல.

ஒரு பெண் அந்தச் சொகுசு அறையில் மூன்று நாள்களோ ஐந்து நாள்களோ தங்குவாள். அவளுடைய உயிரும் குழந்தையின் உயிரும் பணயமாக இருப்பது பிரசவ அறையில் கழியும் சில மணி நேரம். சுற்றிக்காட்டும் ஏற்பாட்டிலோ இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. ஆகவே, கண்ணுக்குக் காட்டப்படாததை நாம் கேள்விகளால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விகிதத்தைக் கேளுங்கள்: மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 44.9% பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்திருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இது 36%; தனியார் மருத்துவமனைகளில் 63.8%. முந்தைய கணக்கெடுப்பில் (2015-16) மாநிலத்தின் மொத்த விகிதம் 34.1% ஆக இருந்தது. இந்திய அளவில் 2019-21இல் மொத்தம் 21.5%, தனியாரில் 47.4%. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டி உயர்வதால் தாய்-சேய் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. அந்த அளவுகோலைத் தனியொரு மருத்துவமனைக்கு அப்படியே பொருத்த முடியாது. சிக்கலான பிரசவங்கள் அனுப்பிவைக்கப்படும் இடத்தில் அறுவை அதிகமாகத்தான் இருக்கும்.

அதனால்தான் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். பிரசவங்களைப் பத்து குழுக்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சிசேரியன் விகிதத்தைக் கணக்கிடும் ‘ராப்சன் வகைப்பாடு’ என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதன் முதல் குழு: முதல் பிரசவம், கருவில் ஒரே குழந்தை, தலை கீழாக இருக்கும் நிலை, 37 வாரங்கள் நிறைவு, தானாகத் தொடங்கிய வலி. “இப்படிப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு இங்கே அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது?” என்று கேட்டால், ‘எங்களிடம் சிக்கலான பிரசவங்கள்தான் அதிகம் வருகின்றன’ என்ற பதிலுக்கு இடமிருக்காது. முதல் பிரசவம் அறுவையாக அமைந்துவிட்டால், அடுத்ததும் அவ்வாறே அமையும் வாய்ப்பு மிகுதி என்பதால், தலைப்பிரசவத்தில் இந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது.

இதில் குடும்பங்களின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்து அறுவைக்கு நாள் குறித்துக் கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவக் காரணமின்றி 39 வாரங்களுக்கு முன்பே அறுவை செய்தால், பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதை அவர்களுக்கு மருத்துவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரவு 2 மணிக்கு யார் இருப்பார்கள்?: நாம் மாதந்தோறும் பார்க்கும் மருத்துவரை நம்பியே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால், வலி நேரம் பார்த்து வருவதில்லை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மருத்துவமனைக்குள்ளேயே தங்கியிருக்கும் மகப்பேறு மருத்துவர் யார்? மயக்கவியல் மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, அழைத்தால் வருபவரா? வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? அவசர அறுவை என்று முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடங்களுக்குள் குழந்தையை வெளியே எடுப்பது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாத இடத்தில் அந்த 30 நிமிடங்கள் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். வலியற்ற பிரசவத்துக்கான ‘எபிடூரல்’ ஊசி விளம்பரத்தில் இருந்தால், அது எல்லா நேரத்திலும் கிடைக்குமா, பகலில் மட்டுமா என்பதையும் கேட்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு, தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அது எந்த முன்னறிவிப்பும் இன்றி, ஆரோக்கியமான பெண்ணுக்கும் நேரலாம். மருத்துவமனைக்குள்ளேயே ரத்த வங்கி இருக்கிறதா, சேமிப்பு மையம் மட்டும் இருக்கிறதா, வெளியிலிருந்துதான் ரத்தம் வர வேண்டுமா? வெளியிலிருந்து என்றால், நள்ளிரவில் யார் சென்று வாங்கிவர வேண்டும்? அரிய ரத்த வகை கொண்டவர்கள் இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்.

குழந்தையைப் பற்றிய கேள்வியும் இதே அளவு முக்கியமானது. பிறந்தவுடன் அழாத, மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் உதவி தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றவர் பிரசவ அறையிலேயே இருக்கிறாரா? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்று சொன்னால், எத்தனை வாரக் குழந்தை வரை அங்கே பராமரிக்க முடியும் என்று கேட்பது நல்லது. செயற்கை சுவாசக் கருவி இல்லாத பிரிவாக இருந்தால், நெருக்கடியில் குழந்தை வேறு மருத்துவமனைக்கும் தாய் இங்கேயுமாகப் பிரிய நேரிடும். குறைமாதப் பிரசவ வாய்ப்புள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மருத்துவமனையை மாற்றிக்கொள்ளலாம்.

பிரசவ அறையின் வழக்கங்கள்: பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் அவளருகே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினரைப் பிரசவத் துணையாக அனுமதிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. நாங்கள் பார்த்த இரண்டாவது மருத்துவமனையிலோ, கணவர், தாய் எவரையும் அனுமதிப்பதில்லை என்று கூறிவிட்டார்கள். அதுவரை கலங்காத என் மகளின் முகம் அந்தப் பதிலில்தான் வாடியது.

வலி நேரத்தில் எழுந்து நடக்கலாமா, விரும்பிய நிலையில் இருக்கலாமா? பிறப்புறுப்பில் வெட்டுப்போட்டுத் தையல் போடுவது எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்படுகிறதா, தேவைப்பட்டால் மட்டுமா? கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் விரிய வேண்டும் என்ற பழைய விதி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. அதை மட்டும் காரணமாக வைத்து மருத்துவத் தலையீடு கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ‘வலி வந்து இத்தனை மணி நேரமாகியும் முன்னேற்றமில்லை’ என்று அறுவைக்குக் கையெழுத்துக் கேட்கப்படும் குடும்பங்கள், காத்திருப்பதால் யாருக்கு என்ன ஆபத்து என்று அமைதியாக வினவலாம்.

பிறந்த குழந்தையை உடனே தாயின் மார்பில் கிடத்துகிறார்களா, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரப்படுகிறதா என்பதும் கேட்டறிய வேண்டியது. புட்டிப்பால் மாவை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரிகள் கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. வரவேற்பறையில் அத்தகைய நிறுவனத்தின் சுவரொட்டியோ அன்பளிப்புப் பையோ கண்ணில் பட்டால், அது அந்த மருத்துவமனையைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லிவிடும்.

கட்டணத்தின் நட்சத்திரக் குறி: ‘சுகப்பிரசவம் இவ்வளவு, சிசேரியன் இவ்வளவு’ என்ற தொகுப்புக் கட்டண அட்டை எல்லா இடங்களிலும் தரப்படுகிறது. அதன் கீழே நட்சத்திரக் குறியிட்டுச் சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். குழந்தைகள்நல மருத்துவரின் கட்டணம், மயக்கவியல் மருத்துவரின் கட்டணம், ரத்தம், மருந்துகள், கையுறை போன்ற பயன்பாட்டுப் பொருள்கள், கூடுதல் நாள் தங்குதல், குழந்தையின் தீவிர சிகிச்சை ஆகியவை பல நேரங்களில் தொகுப்புக்கு வெளியே நிற்கின்றன. சுகப்பிரசவத்துக்குப் பல மணி நேரம் முயன்று, கடைசியில் அறுவைக்கு மாறினால் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அறையின் தரத்தை உயர்த்தினால் அறை வாடகை மட்டுமல்லாமல், மருத்துவர் கட்டணமும் சேர்ந்து உயரும் இடங்கள் உண்டு. மருத்துவக் காப்பீடு இருந்தால், மகப்பேற்றுக்கான காத்திருப்புக் காலம், உச்சவரம்பு, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதாக நாங்கள் சென்றது நடுத்தர அளவிலான பழைய மருத்துவமனை. சுவர்களில் வண்ணம் மங்கியிருந்தது. பிரசவம் எதுவும் நடக்காத நேரமாக இருந்ததால், மூத்த செவிலியர் ஒருவர் காலணியைக் கழற்றச் சொல்லி, மேலங்கி அணிவித்துப் பிரசவ அறைக்குள் அழைத்துச் சென்றார். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கருவி, மூச்சு கொடுக்கும் பை, உதிரப்போக்குக்கான மருந்துப் பெட்டி ஆகியவற்றைக் காட்டினார். முந்தைய மாதம் நடந்த பிரசவங்கள் எத்தனை, அவற்றில் அறுவை எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்தே சொன்னார். தங்களால் இயலாதது எது என்பதையும் ஒளிக்கவில்லை: 32 வாரங்களுக்குக் குறைந்த குழந்தையானால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றார்.

என் மகள் அந்த மருத்துவமனையையே தேர்ந்தெடுத்தாள். கடைசியில் அவளுக்கு அறுவைதான் செய்ய வேண்டியிருந்தது. வலி முற்றிய நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்து, மீளத் தாமதமானது. மருத்துவர் துடிப்புப் பதிவைக் காட்டி, காரணத்தை இரண்டே வாக்கியங்களில் விளக்கினார். எங்களுக்கு ஐயம் எழவில்லை. எண்ணிக்கையை ஒளிக்காமல் சொன்ன இடம் என்பதால், அவசரம் என்று அவர்கள் சொன்னபோது நம்ப முடிந்தது.

அரசு செய்யக்கூடியது: இத்தனை கேள்விகளையும் ஒவ்வொரு கர்ப்பிணியும் தனித்தனியே கேட்டுத் திரிய வேண்டும் என்பது நியாயமல்ல. எட்டாம் மாத வயிற்றோடு விசாரணை அதிகாரியைப் போல நடந்துகொள்ளப் பலரால் முடியாது. தேவையான தகவல்கள் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. பிறப்பைப் பதிவு செய்வதற்கான அறிக்கைப் படிவத்திலேயே, பிரசவம் இயல்பாக நடந்ததா, சிசேரியனா, ஆயுத உதவியுடன் நடந்ததா என்ற கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் கர்ப்பிணிகள் உட்பட அனைவரும் அரசின் இணையவழிப் பதிவில் இடம்பெற்று அடையாள எண் பெறுவது, 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே அவசியமாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, மருத்துவமனை வாரியாகச் சிசேரியன் விகிதத்தை வெளியிட அரசு புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டத்தில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வெளிப்படையாகக் காட்சிப்படுத்த வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் முன்பே அறிவுறுத்தியது. அதை எல்லா மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கலாம். தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்து முறைப்படுத்த மாநிலத்தில் 1997ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: ராப்சன் வகைப்பாட்டின்படி ஆண்டுதோறும் சிசேரியன் விகிதத்தை வெளியிடுதல், 24 மணி நேரமும் பணியில் இருக்கும் மருத்துவர்களின் விவரத்தை அறிவித்தல், தொகுப்புக் கட்டணத்தில் அடங்குபவை, அடங்காதவை இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுதல். தனியார் மருத்துவமனைகளின் பிரசவத் தரத்தை மதிப்பிட, இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு ‘மான்யதா’ என்ற சான்றிதழைத் தன்னார்வ முறையில் வழங்கிவருகிறது. அதைப் பெறும் மருத்துவமனைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் முன்னுரிமை அளித்தால், பிற மருத்துவமனைகளும் தரத்தை உயர்த்த முன்வரும்.

நேர்மையாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கு இத்தகைய வெளிப்படைத்தன்மையால் இழப்பு ஏதுமில்லை. வீண் சந்தேகத்திலிருந்து அவர்களை அது காப்பாற்றும். அதுவரை, மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் குடும்பங்கள் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். விடைகளையும் அதே தாளில், விடை தந்தவரின் பெயரோடு குறித்துக்கொள்ளட்டும்.