பருத்திக்கு அருகே களை மருந்து தெளிப்போர் கவனத்திற்கு

சோளம், கரும்பு, புல்தரை ஆகியவற்றில் முளைக்கும் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி என்னும் மருந்து 1940-களிலிருந்து வழங்கி வருகிறது. பார்த்தீனியம் போன்ற களைகள் இதனால் மடியும்; புல்லினப் பயிர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆயினும் அடுத்த வயலில் பருத்தி நிற்குமாயின் அங்கத்தினர்கள் மிக்க எச்சரிக்கையுடன் இருத்தல் அவசியம்.

இம்மருந்து செடியின் வளர்ச்சியூக்கியை ஒத்துச் செயற்பட்டு, வளர்ச்சியை நிலைகுலையச் செய்வது. பருத்தி இதனை அறவே தாங்காது. காற்றில் மிதந்து வரும் நுண்துளி பட்டாலும் இளந்தளிர்கள் குறுகி, விரல்கள் போலப் பிளந்து, நரம்பு புடைத்து நிற்கும், மொட்டும் உதிரக்கூடும். தக்காளிக்கும் திராட்சைக்கும் இதே அபாயம் உண்டு.

ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. எஸ்டர் வகை மருந்து எளிதில் ஆவியாகிப் பரவும். பருத்திக்கு அருகே அதனை உபயோகித்தலாகாது.

2. பருத்தியை நோக்கிக் காற்று வீசும்போது தெளிக்கலாகாது. தெளிப்பு முனையைத் தாழ்த்தி, பெருந்துளிகளாக விழச் செய்க.

3. களை மருந்துக்கெனத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்க. கழுவிய பின்னும் எஞ்சும் மருந்து, பின்னர்ப் பூச்சி மருந்தோடு கலந்து பருத்தியைக் கெடுக்கும். வாடகைக்கு எடுக்கும் தெளிப்பானில் முன்பு எம்மருந்து இருந்தது என விசாரித்தறிக.

பருத்தி வரிசைகளுக்குள் களைக்கொத்தே பயமற்ற கருவி. விதைத்த முதல் 45 நாட்களில் களையின்றிக் காத்தல் முக்கியம். களை பூக்குமுன் கொத்தினால் அதன் விதை நிலத்தில் விழாது. கோரையை மட்டும் கிழங்கோடு அகழ்ந்தெடுத்தல் வேண்டும். மேலே அறுத்தால் மீண்டும் தழைக்கும்.