தெற்குத் திறப்பும் வடமேற்குக் காற்றும்

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில், ஏப்ரல் நடுவில் வரும் வங்கப் புத்தாண்டுக்கும் மே 8 அல்லது 9ஆம் நாளில் வரும் தாகூர் பிறந்தநாளான ரவீந்திர ஜெயந்திக்கும் இடைப்பட்ட வாரங்களில், தெரு மன்றம் ஒன்று திறந்தவெளியில் விழா எடுத்து, அதன் ஓரமாக யாரோ ஒருவரின் மருத்துவச் செலவுக்கோ புயல் நிவாரணத்துக்கோ நிதி திரட்டும் கடையொன்றைப் போடுமானால், அக்கடையின் வரவைத் தீர்மானிப்பதில் விற்கும் பொருளுக்கு உள்ள பங்கைவிட வெயிலுக்கு உள்ள பங்கே பெரிது. நிழலும் காற்றும் உள்ள இடத்தில்தான் வருபவர் நிற்பார். நின்றால்தான் பையைத் திறப்பார். கடைக்குள் இருக்கும் தொண்டர்களோ, வாங்குபவரைப்போல் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட முடியாமல், நான்கைந்து மணி நேரம் அங்கேயே நின்றாக வேண்டும். இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: வெயிலைத் தாங்கப் பொருத்தமான பந்தலும், அதே பருவத்தில் வீசும் சூறைக்காற்றைத் தாங்கப் பொருத்தமான பந்தலும் ஒன்றல்ல.

கொல்கத்தாவின் அலிப்பூர் வானிலை நிலையத்தில் 2024 ஏப்ரல் 30 அன்று வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. எழுபது ஆண்டுகளில் ஏப்ரல் மாதத்தில் அந்நகரம் காணாத வெப்பம் அது. ஆனால் அத்தகைய வறண்ட நாள்கள் அங்கு விதிவிலக்கானவை. வங்க ஆண்டின் முதல் மாதமான வைசாகத்தின் வழக்கமான நாளில் வெப்பமானி 36 டிகிரியை ஒட்டியே நிற்க, வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரம் மீதித் துன்பத்தைத் தருகிறது. இதை அளக்க உதவுவது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் இந்த அளவு சாதாரண வெப்பநிலையைவிடக் குறைவாகவே இருக்கும். காற்றில் ஈரம் ஏற ஏற இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 23 டிகிரி. 36 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் அது 29 டிகிரியைத் தாண்டுகிறது. வெப்பமானியில் நான்கு டிகிரி குறைவாகத் தெரியும் இரண்டாவது ஊரே உடலுக்குக் கொடியது. சித்திரைத் திருவிழாவின் மதுரை வெயிலுக்குப் பழகியவர் டாக்குரியாவில் திணறுவதற்கும், மண்பானைத் தண்ணீர் அங்கே பேருக்குத்தான் குளிர்வதற்கும் காரணம் இதுவே.

ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியை எட்டினால், நிழலில் அசையாமல் கிடக்கும் மனிதரின் உடல்கூட வெப்பத்தை வெளியேற்ற இயலாது என்று 2010ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். பின்னர் 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நலமுள்ள இளைஞர்களைச் சோதனை அறையில் இருத்திப் பார்த்தபோது, ஈரமான வெப்பத்தில் உடல் தடுமாறத் தொடங்கும் எல்லை 31 டிகிரியை ஒட்டியே இருப்பது தெரிந்தது. டாக்குரியாவின் பிற்பகல் அந்த எல்லையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

உடலின் தற்காப்பு வியர்வைதான் என்றாலும், வழிந்து தரையில் விழும் வியர்வையால் பயன் ஏதும் இல்லை. தோலின்மேல் இருந்தபடியே ஆவியாகும் வியர்வை மட்டுமே, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஈரக்காற்றில் அந்த ஆவியாதலை விரைவுபடுத்த இருக்கும் எளிய வழி, தோலை ஒட்டித் தேங்கி நிற்கும் காற்றை விலக்குவது. சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 40 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் மின்விசிறி உடலுக்கு உதவியது. 47 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட அறையிலோ, சூடான காற்றை மேலே கொட்டிக் கெடுதலே செய்தது. ஆகவே ராஜஸ்தானத்துப் பாலைவெளியில் ஐயத்துக்குரியதாகிவிடும் மின்விசிறி, டாக்குரியாவில் கடைக்காரரின் முதல் முதலீடாக வேண்டும். அலங்கார விளக்குகளுக்கு ஒதுக்கும் பணத்தில் இன்னும் இரண்டு விசிறிகளை வாடகைக்கு எடுப்பது அறிவுடைமை.

காற்றுக்கு அடுத்தது கூரை. பந்தலுக்கு அடியில் நிற்பவர் நேர்வெயிலிலிருந்து தப்பினாலும், சூடேறிய கூரை கீழ்நோக்கி உமிழும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களிலிருந்து தப்புவதில்லை. பொருளொன்று உமிழும் வெப்பக்கதிர் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கேற்ப உயர்வதால், 60 டிகிரிக்குச் சூடேறிய பிளாஸ்டிக் விரிப்பு, 40 டிகிரியில் இருக்கும் துணியைவிடச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் கூடுதலாகத் தலைமேல் பொழிகிறது. அமெரிக்கப் படையினரின் பயிற்சி முகாம்களுக்காக 1950களில் உருவாக்கப்பட்ட ஒரு கூட்டளவு, ஈரக்குமிழுக்கு ஏழு பங்கும், கதிர்வெப்பத்தை உணரும் கருங்கோள வெப்பமானிக்கு இரண்டு பங்கும், சாதாரணக் காற்றின் வெப்பநிலைக்கு ஒரே ஒரு பங்கும் கொடுக்கிறது. செய்தித்தாள் நாள்தோறும் அச்சிடும் எண்ணுக்கு உடலின் கணக்கில் கிடைக்கும் இடம் அவ்வளவே. வங்கப் பந்தல்காரர்கள் மேலே தார்ப்பாயும், சிறிது இடைவெளி விட்டுக் கீழே துணிக் கூரையும் கட்டுவது அலங்காரத்துக்காக எனத் தோன்றினாலும், இடைவெளியில் சூடேறும் காற்று பக்கவாட்டில் வெளியேறிவிடுவதால் கீழ்த்துணி குளிர்ந்தே இருக்கிறது. மலிவான பிளாஸ்டிக் விரிப்பை விலக்க இன்னொரு காரணமும் உண்டு: டாக்குரியாவுக்கு அடுத்துள்ள கரியாஹாட் சந்திப்பில் 2019 ஜனவரியில் நேர்ந்த பெருந்தீக்குப் பின், நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரைகள் எளிதில் தீப்பற்றுபவை என்று கண்டனத்துக்கு உள்ளாயின.

கடையின் திசையும் அதே அளவுக்கு முக்கியமானது. கொல்கத்தாவில் வீடு தேடுவோர் தெற்குத் திறந்த வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காததன் காரணம், கோடையில் விரிகுடாவிலிருந்து வரும் தென்காற்று. முன்பு டாக்குரியா ஏரி என வழங்கி, 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் மாற்றம் பெற்ற ஏரி அருகிலேயே இருப்பதால் குளிர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1920களில் தோண்டப்பட்ட, சுமார் 73 ஏக்கர் பரப்புள்ள அந்த நீர்நிலை தனக்கெனப் பெரிய காற்றோட்டத்தை உண்டாக்கும் அளவினதன்று. கடையைத் தெற்கிலும் வடக்கிலும் திறந்துவிட்டு, தாழ்ந்து வரும் மாலைவெயிலைத் தடுக்க மேற்கை மட்டும் மூங்கில் பாயால் மறைப்பதே பொருத்தம்.

மேசைமேல் எதை வைப்பது என்பதையும் பருவமே முடிவு செய்கிறது. ஏற்ற வெப்பநிலையும் ஈரமும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்; அந்த வேகம் நீடித்தால் நான்கு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்துக்கு மேல் பெருகும் என்பதால், சந்தேஷ் போன்ற பால் இனிப்புகளைத் திறந்த தட்டில் அடுக்குவது வேண்டாத துணிச்சல். பொரியும், பொரிகடலையும், சுட்ட மாங்காயைப் பிசைந்து உப்பும் சர்க்கரையும் சீரகமும் சேர்த்துச் செய்யும் ஆம் போரா சர்பத்தும் அந்த ஊருக்குப் பழக்கமானவை, கெடுவதும் குறைவு. சர்பத்தில் போடும் பனிக்கட்டி குடிநீரில் உறைந்ததாக இருக்க வேண்டும். மீனைப் பதப்படுத்த வரும் பாளத்தை உடைத்துப் போடுவது நோயைக் காசுக்கு விற்பதாகும். பத்து டிகிரிக் குளிர்ந்த நீர் 250 மில்லி குடித்தால் உடலிலிருந்து அது உறிஞ்சும் வெப்பம் 28 கிலோஜூல்தான். அதே நீர் வியர்வையாகி முழுவதும் ஆவியானால் 600 கிலோஜூல் வெளியேறுகிறது. தண்ணீரின் பயன் அதன் குளிர்ச்சியில் அதிகமில்லை என்பதை விற்பவராவது அறிந்திருக்க வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீருக்கு இந்த வட்டாரத்தில் தனி வரலாறு உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் பொன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, கொல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார்; 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் மூலக்கூறு சோடியத்தையும் உடன் இழுத்துக்கொண்டே குடற்சுவரைக் கடக்க, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது என்பதே இதன் அடிப்படை. சர்க்கரை மிகுந்தால் விளைவு தலைகீழாகிக் குடல் நீரை வெளியே இழுத்துவிடும். எனவே தித்திப்பு மிகுந்த புட்டிப் பானம் தொண்டர்களுக்கு ஏற்றதன்று, உப்பிட்ட எலுமிச்சை நீரும் வேளைக்கு உணவும் போதும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், நாள் முழுதும் குளிர்சாதன அறையில் இருப்பவரை முதல் நாளே அடுப்பருகில் நிறுத்தக் கூடாது. யாரேனும் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ, வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அதை வெப்பத்தாக்கமாகவே கொண்டு, உடல்மேல் நீரை ஊற்றி விசிறியபடி மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

விற்பனை சூடுபிடிப்பது மாலையில். கால்வைசாகி என்னும் கோடை இடிப்புயல் வருவதும் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே. கீழே விரிகுடாவின் ஈரக்காற்றும், அதன்மேல் சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்றும் அடுக்காக நிற்க, மேலடுக்கு கீழுள்ளதை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. அத்தடை உடையும்போது முகில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயர்கிறது. அதிலிருந்து விழும் மழைத்துளிகள் வறண்ட காற்றில் ஆவியாகி அதைக் குளிர்விக்க, குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதிப் பரவுகிறது. தோலைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல்தான் இங்கே பந்தலைச் சாய்க்கும் காற்றுக்கும் விசை தருகிறது. அக்காற்று வருவது வடமேற்கிலிருந்து. மாலைவெயிலுக்காக மறைத்த மேற்குப் பக்கமும் அதன் வழியிலேயே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழுவதால், ஆறு சதுர மீட்டர் மறைப்பு நூறு கிலோ விசையை ஏற்கிறது. வேகம் 90 ஆனால் விசை 230 கிலோவை நெருங்கும். தார்ச்சாலையில் மூங்கிலைப் புதைக்க இயலாது. கால்களைத் தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் பீப்பாய்களில் பிணைக்கலாம் என்றாலும், பாய் இறங்காதவரை அதுவும் முழுக் காப்பாகாது. எனவே மேற்குப் பாயை ஆணியடித்து இறுக்காமல், ஒரு முடிச்சை இழுத்தால் சுருண்டு இறங்கும்படி கட்டுவதே முறை.

தென்காற்று திடீரென நின்று வடமேற்கு வானம் கறுத்தாலோ, அலிப்பூர் வானிலை மையத்தின் குறுநேர எச்சரிக்கை கைப்பேசியில் வந்தாலோ, முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, பிறகு பாயையும் கூரைத் துணியையும் இறக்கி, பணப்பெட்டியுடன் எல்லாரும் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி உதவாது, மின்னல் ஒருபுறமிருக்க, 2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலில் ரவீந்திர சரோவரின் பெருமரங்கள் பல வேரோடு சாய்ந்தன. கால்வைசாகி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். வெப்பநிலை சில வேளைகளில் பத்து டிகிரியளவு குறைந்திருக்க, அதுவரை வீட்டுக்குள் அடைந்திருந்த மக்கள் தெருவுக்கு வருவார்கள். கூரையில்லாமலே மேசையை விரித்து விற்கக்கூடிய நேரம் அது.