பூனையின் மேல் சில தெள்ளு, வீடெங்கும் பல தெள்ளு

பூனையின் ரோமத்துக்குள் ஓடி ஒளியும் தெள்ளுப்பூச்சி, இரத்தம் குடித்து வாழும் இறக்கையில்லாத பூச்சி. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். செம்பழுப்பு நிறம், இரு பக்கமும் அமுக்கிவிட்டது போன்ற தட்டையான உடல். அந்த உடலமைப்பால் அடர்ந்த முடிகளுக்கு இடையில் தடையில்லாமல் ஓடும், நகத்தால் நசுக்கினாலும் எளிதில் சாகாது. பலர் இதையும் உண்ணி என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் கடித்தபடி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளுக்கு ஆறு கால்; ஓரிடத்தில் நிற்காது, தொட்டால் தாவும். பின்னங்கால்களை ஒட்டி இருக்கும் ரெசிலின் என்ற மீள்தன்மை மிக்க புரதம் அமுக்கிவைத்த விசையை ஒரே கணத்தில் விடுவிக்கும்போது, தன் உடல் நீளத்தைப் போல் நூறு மடங்கு தூரம்வரை அது எகிறும்.

உலகில் தெள்ளு இனங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு. வீட்டுப் பூனையிடம் காணப்படுவது பெரும்பாலும் டெனோசெஃபாலைடிஸ் ஃபெலிஸ் என்ற பூனைத் தெள்ளு. பெயரில் பூனை இருந்தாலும் நாயிடம் மிகுதியாகக் காணப்படுவதும் இதே இனம்தான். எனவே பூனையும் நாயும் சேர்ந்து வளரும் வீட்டில் ஒன்றுக்கு மட்டும் மருந்து போடுவது வீண்வேலை.

நான்கு பருவ வாழ்க்கை

தெள்ளு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான விடை அதன் வாழ்க்கைச் சுழற்சியில் இருக்கிறது. பூனையின் மேல் ஏறிய தெள்ளு சில நிமிடங்களிலேயே இரத்தம் குடிக்கத் தொடங்கும். பெண் தெள்ளு ஒன்றிரண்டு நாளில் முட்டையிட ஆரம்பித்து, நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்வரை இடும். முட்டைகள் வழவழப்பானவை, ரோமத்தில் ஒட்டாதவை. பூனை படுக்கும் இடம், உருளும் இடம், உடம்பை உதறும் இடம் என எங்கும் உதிர்ந்துவிடும்.

சில நாட்களில் முட்டையிலிருந்து மெல்லிய வெள்ளைப் புழு வெளிவரும். வெளிச்சம் பிடிக்காத அந்தப் புழு தரைவிரிப்பின் அடி, பாயின் மடிப்பு, சோஃபா இடுக்கு, கட்டிலின் அடி, வெளியே என்றால் நிழலான மணல் என்று இருண்ட இடம் தேடி நகரும். அதன் முக்கிய உணவு, வளர்ந்த தெள்ளுகள் கழித்த கழிவாக உதிரும் காய்ந்த இரத்தம். ஓரிரு வாரம் வளர்ந்தபின் பட்டுநூல் போன்ற இழையால் கூடு கட்டிக்கொள்ளும். கூடு பிசுபிசுப்பானது, தூசியும் மணலும் அதன் மேல் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது.

இந்தக் கூட்டுப் பருவம்தான் தெள்ளின் கோட்டை. பூச்சிமருந்து கூட்டுக்குள் எளிதில் புகாது. உள்ளிருக்கும் தெள்ளு ஒரு வாரத்திலும் வெளிவரலாம். சூழ்நிலை சரியில்லை என்றால் ஐந்து மாதம்கூடக் காத்துக் கிடக்கலாம். தரை அதிர்வது, மேலே அழுத்தம் படுவது, உடல் வெப்பம், மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு ஆகியவை ஏதோ ஒரு விலங்கு அருகில் வந்துவிட்டதை அதற்கு உணர்த்தும். உடனே கூட்டை விட்டு வெளிவந்து தாவும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் விடுமுறை முடிந்து நுழைகிறவர்களின் கால்களை அன்றைக்கே தெள்ளு மொய்ப்பது இதனால்தான்.

வெப்பமும் ஈரமும் ஒத்துவந்தால் முட்டை முதல் முட்டையிடும் தெள்ளு வரையிலான சுழற்சி மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புழுக்கள் காய்ந்து சாகும். நேரடி வெயிலையும் அவை தாங்காது. தமிழகக் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் இருப்பதால் அங்கே தெள்ளுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் பூனையின் மேல் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான், மீதி முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டுக்குள் கிடக்கிறது என்பது கால்நடை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கண்டுபிடிப்பது எப்படி?

பூனை ஓயாமல் சொறிவது, வால் அடியையும் முதுகின் பின்பகுதியையும் கடித்து நக்குவது, கழுத்தைச் சுற்றிச் சிறு பொருக்குகள், முடி உதிர்ந்த திட்டுகள் ஆகியவை பொதுவான அறிகுறிகள். தெள்ளையே கண்ணால் பார்க்க முடியாமல் போகலாம். பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது பல தெள்ளுகளை விழுங்கிவிடுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பூனையை வெள்ளைத் துணியின் மேல் நிறுத்தி, பற்கள் நெருக்கமாக உள்ள சீப்பால் வாரவேண்டும். உதிரும் கருந்துகள்களின் மேல் நனைத்த பஞ்சை ஒற்றினால், மண் என்றால் நிறம் மாறாது. தெள்ளின் கழிவு என்றால் செம்பழுப்பாகக் கரையும். அது பூனையின் இரத்தமே. வீட்டில் மனிதர்களின் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் கொத்துக்கொத்தாகச் சிவந்த தடிப்புகள் தோன்றுவதும் ஒரு தடயம்.

தெள்ளால் வரும் கேடுகள்

சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாமை. அவற்றுக்கு ஒன்றிரண்டு கடி போதும், பல நாள் அரிப்பும் புண்ணும் நீடிக்கும். குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது: தெள்ளு மிகுந்தால் இரத்தசோகை வந்து ஈறு வெளுத்து, சோர்ந்து, உயிரே போகலாம்.

தெள்ளுப் புழுக்கள் நாடாப்புழுவின் முட்டைகளைத் தின்கின்றன. அவை வளர்ந்து தெள்ளான பின் பூனை அவற்றை விழுங்கினால் நாடாப்புழு அதன் குடலில் வளரும். பூனையின் ஆசனவாய் அருகே அரிசி அளவில் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் தெள்ளு மருந்தோடு குடற்புழு மருந்தும் தேவை. பூனை பிறாண்டுவதால் மனிதர்களுக்கு வரும் ஒருவகைக் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டொனெல்லா கிருமி பூனைகளிடையே பரவுவதும் தெள்ளால்தான். தெள்ளு என்றதும் பிளேக் நினைவுக்கு வருவது இயல்பு. எலியின் தெள்ளு அந்நோயைப் பரப்புகிறது என்பதை 1898-ல் கராச்சியில் ஆராய்ந்து காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன். இந்தியாவில் பிளேக்கை முக்கியமாகப் பரப்பியது எலித் தெள்ளு; பூனைத் தெள்ளு வேறு இனம்.

பூனைக்கான மருத்துவம்

இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படுவது, தோலின் மேல் சொட்டுவிடும் மருந்து. ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட், செலமெக்டின், ஃப்ளூரலேனர் ஆகியவை பூனைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட வடிவில் கிடைக்கின்றன. முதல் மூன்றையும் பெரும்பாலும் மாதம் ஒருமுறை போடவேண்டும். ஃப்ளூரலேனர் ஏறத்தாழ மூன்று மாதம் தாங்கும். நக்க எட்டாத பிடரியில், முடியை விலக்கி, தோலில் படும்படி விடவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது. பூனையின் எடையையும் வயதையும் பொறுத்து அளவு மாறும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பதே சரி.

எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் உகந்தவை அல்ல. அவற்றுக்குச் சீப்புதான் மருந்து. தினமும் வாரி, சீப்பில் சிக்கும் தெள்ளைச் சோப்பு நீரில் முக்கிக் கொல்லவேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினால் உடனே துடைத்து உலர்த்தி, குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எதைச் செய்யக் கூடாது என்பதை அறிவது அதைவிட முக்கியம். நாய்க்கான தெள்ளு, உண்ணி மருந்தை ஒருபோதும் பூனைக்குப் போடக் கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரினைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. உடல் நடுக்கம், வலிப்பு, மரணம் என்று அது முடியலாம். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி ஒழிக்கக் கரைத்து ஊற்றும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் கரைசல்களும் பூனைக்கு ஆகாதவை. மண்ணெண்ணெய், ஃபினாயில், கற்பூரம், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய் ஆகியவையும் பூனைக்கு நஞ்சு. இயற்கை மருந்து என்று பூண்டு கொடுப்பது அதன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். உடம்பில் எதைத் தடவினாலும் பூனை அதை நக்கி விழுங்கும் என்பதை மறக்கலாகாது. தவறான மருந்து பட்டுவிட்டால், பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, மருந்தின் உறையோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

வீட்டைச் சுத்தம் செய்தல்

தொடங்கவேண்டிய இடம் பூனை அதிக நேரம் படுக்கும் இடம்; முட்டையும் புழுவும் அங்கேதான் குவிந்திருக்கும். அதன் படுக்கைத் துணி, மெத்தை உறை, போர்வை ஆகியவற்றைச் சுருட்டி, உதறாமல் எடுத்துச் சென்று, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து உச்சிவெயிலில் காயவைக்கவேண்டும். வாரம் ஒருமுறையாவது இது நடக்கவேண்டும். பழைய சாக்கு, கந்தல் மெத்தை போன்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுவதே மேல்.

வேக்கம் கிளீனர் உள்ள வீட்டில் அது நல்ல ஆயுதம். அதில் இழுக்கப்பட்ட தெள்ளுகளில் பெரும்பாலானவை உள்ளேயே செத்துவிடுவதாக அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் கண்டறிந்தனர். அதன் அதிர்வு கூட்டிலிருக்கும் தெள்ளையும் வெளியே வரத் தூண்டும் என்பது கூடுதல் லாபம். வேக்கம் கிளீனர் இல்லையென்றால் கட்டில், பீரோ, சோஃபாவை நகர்த்தி மூலைகளைப் பெருக்கி, சோப்பு நீரால் துடைக்கவேண்டும். சிமெண்டு, டைல்ஸ் தரை உள்ள வீட்டில் இது எளிது. தரை வெடிப்புகளையும் சுவர் ஓரங்களையும் விட்டுவிடக் கூடாது. பெருக்கிய குப்பையைப் பையில் கட்டி உடனே வெளியேற்றவேண்டும்.

தொல்லை கடுமையாக இருந்தால் வீட்டுக்கான தெளிப்பு மருந்து தேவைப்படும். புழுக்கள் வளராமல் தடுக்கும் மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் கலந்ததைத் தேர்வதே பலன் தரும். தெளிக்கும்போது குழந்தைகளும் பூனையும் அங்கே இருக்கக் கூடாது. நன்றாக உலர்ந்து, காற்றோட்டம் விட்டபின்தான் உள்ளே வரலாம். மீன்தொட்டி உள்ள அறையில் இவ்வகை மருந்துகளைத் தவிர்க்கவேண்டும். சோப்பு நீர் நிரப்பிய தட்டை இரவில் விளக்கின் கீழ் வைத்தால் சில தெள்ளு விழும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அது உதவுமே தவிர, ஒழிக்க உதவாது.

வெளியில் தோட்டம் முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை. வெயில் படும் இடத்தில் தெள்ளு பிழைக்காது. பூனை படுக்கும் நிழலான மூலைகள், படிக்கட்டின் அடி, விறகுக் குவியல், சருகுக் குவியல் ஆகியவற்றைச் சுத்தம் செய்து வெயிலும் காற்றும் படவிட்டால் போதும். எலி, கீரி, தெருப்பூனை வந்து தங்கும் ஓட்டைகளை அடைப்பதும் நல்லது.

எத்தனை நாளில் தீரும்?

மருந்து போட்ட இரண்டாம் வாரமும் பூனையின் மேல் தெள்ளு தெரிந்தால் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஏற்கெனவே கூட்டுக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக வெளிவரும் காலம் அது. அவை மருந்து போட்ட பூனையின் மேல் ஏறி, பெரும்பாலும் ஓரிரு நாளில், புதிய தலைமுறையை உருவாக்குமுன் செத்துப்போகும். அதனால் மருந்து போட்ட பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பாமல், வழக்கமாக உலாவும் இடங்களிலேயே விடவேண்டும். அதுவே வீட்டுத் தெள்ளுக்குப் பொறி.

குறைந்தது மூன்று மாதம் விடாமல், வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் தவணை தவறாமல் மருந்து போட்டு, வாரந்தோறும் படுக்கைகளைத் துவைத்துவந்தால் சுழற்சி அறுந்துபோகும். அரிப்பு நின்றுவிட்டது என்று முதல் மாதத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி ஆரம்பத்துக்கே வருகிறார்கள். வெளியே சுற்றிவரும் பூனை என்றால் அதன்பிறகும் ஆண்டு முழுவதும் மருந்தைத் தொடர்வதே நல்லது.