வந்து வந்து போகும் வயிற்றுவலி: குடலை அடைக்கும் பித்தக்கல்

வயிற்றுவலி என்றால் முதலில் மளிகைக் கடை, பிறகுதான் மருத்துவர். கீழவாஞ்சூரிலும் அப்படித்தான், பக்கத்து நாகூரிலும் அப்படித்தான். ஓமம், பெருங்காயம், விளக்கெண்ணெய் என்று நாமும் பொட்டலம் கட்டிக் கொடுத்து விடுகிறோம். கொடுக்கக் கூடாத ஒரு வயிற்றுவலியும் உண்டு.

பித்தப்பையில் கல் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பெரிய கல், சில சமயம் பித்தப்பைச் சுவரையும் அதை ஒட்டிய சிறுகுடலையும் அரித்துத் துளைத்துக் குடலுக்குள் விழுந்து விடும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, கொட்டைப்பாக்கு அளவுள்ள கல்லானால், சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் சிக்கிக் கொள்ளும். டென்மார்க் மருத்துவர் தாமஸ் பார்த்தோலின் 1654-லேயே பிரேதப் பரிசோதனையில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அரிய நோய்தான். ஆனால் வருவது பெரும்பாலும் முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு.

இதில் ஏமாற்றம் எங்கே என்றால், கல் சிக்கும்போது வலிக்கும். சற்று நகர்ந்தால் வலி நின்றுவிடும். ஓமத்தண்ணீர் கேட்டுவிட்டது என்று நாமும் கல்லாவில் போய் உட்கார்ந்து கொள்வோம். இப்படியே இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதற்குள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்று, உடம்பில் நீர் வற்றிவிடும். அப்போது விளக்கெண்ணெய் கொடுப்பது, அடைபட்ட வாய்க்காலுக்கு மதகைத் திறந்து விடுவது போலத்தான்.

எக்ஸ்ரேயில் குடல் வீக்கம், இடம் மாறிய கல், பித்தக்குழாயில் காற்று ஆகிய மூன்றையும் அடையாளமாகச் சொன்னவர் 1941-இல் அமெரிக்க மருத்துவர் ரிக்லர். இன்று சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

முதலில் சலைன் ஏற்றி, மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வார்கள். பிறகு வயிற்றைத் திறந்து, அடைப்புக்குச் சற்று மேலே குடலை நீளவாக்கில் கீறி, கல்லைப் பின்னுக்குத் தள்ளி எடுப்பார்கள். தையல் மட்டும் குறுக்குவாக்கில். நீளவாக்கில் தைத்தால் குடல் குறுகிவிடும். வேறு கல் உண்டா என்று குடல் முழுவதையும் தடவிப் பார்ப்பதும் உண்டு.

"பித்தப்பையையும் கையோடு எடுத்திருக்கலாமே" என்று வீட்டார் கேட்பார்கள். தளர்ந்த முதியவருக்கு நீண்ட அறுவை தாங்காது. ஆகவே பலருக்கும் அன்று கல்லை மட்டும் எடுத்து உயிரைக் காப்பார்கள். மற்றதைப் பிறகு தேவைப்பட்டால் பார்ப்பார்கள்.

வாந்தியும் உப்புசமும் சேர்ந்தால் அன்றைக்கே காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கோ நாகப்பட்டினத்திற்கோ கிளம்பி விடுங்கள். பித்தப்பைக் கல் என்று சொன்ன பழைய ஸ்கேன் சீட்டு கணக்குப் புத்தகத்தில் மடித்துக் கிடந்தால், அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.