கண்மாய் நீரும் ஆகாயக் கணக்கும்

இராமநாதபுரம் ஜில்லாவின் நன்செய்க்குக் கண்மாயே ஆதாரம் என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. ஆண்டு மழை ஏறக்குறைய 820 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். இராஜசிங்கமங்கலம் போன்ற பெருங் கண்மாய் நிரம்பிய ஆண்டிலும், கதிர் பால்பிடிக்கும் வேளையில் கடைமடைக்குத் தண்ணீர் இல்லை என்ற கூக்குரல் எழுவதுண்டு. மடை வழியே சென்ற நீருக்கு நீர்க்கட்டி கணக்குச் சொல்வான். ஆகாயத்துக்குச் சென்ற நீருக்குக் கணக்குச் சொல்பவர் யார்?

மண்ணிலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் ஆவியாவதும், பயிர் வேரால் உறிஞ்சி இலை வழியே வெளிவிடுவதும் சேர்ந்ததே இந்த ஆவிச் செலவு. அது சிறு செலவன்று. ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது சுமார் 4,000 லிட்டர். வெயில் நாளில் தழைத்த நெல்வயல் 5 மில்லிமீட்டர் செலவிட்டால், நாளொன்றுக்கு 20,000 லிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நீர் ஆவியாக உஷ்ணம் வேண்டும். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் உள்ள நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கஞ்சியிட்ட பாவைத் தெருவில் நீட்டினால், ஈரம் உள்ளவரை நூல் கைக்குக் குளிர்ந்தே இருக்கும், உலர்ந்தபின்தான் சுடும். நிலமும் அவ்வாறே. ஆகவே, நிலத்தின் சூட்டை உயரத்திலிருந்து அளக்க முடியுமானால், அங்கே எவ்வளவு நீர் ஆவியாகிறது என்றும் கணிக்கலாம் அல்லவா?

செயற்கைக் கோள் செய்வது இதுவே. முறை நம் சங்கத்துப் பேரேட்டைப் போன்றது. சூரியனிடமிருந்து நிலம் பெற்று நிறுத்திக்கொள்ளும் உஷ்ணம் வரவு. மண்ணுக்குள் இறங்குவது ஒரு செலவு. காற்றைச் சூடாக்குவது மற்றொரு செலவு. இவ்விரண்டையும் கழித்தால் எஞ்சுவது நீரை ஆவியாக்கச் செலவானது. ஆவியாதலை வானிலை அளவுகளைக்கொண்டு கணிக்கும் சூத்திரத்தை இங்கிலாந்தில் பென்மன் 1948இல் வகுத்தார். ஹாலந்து தேசத்துப் பாஸ்டியான்சன் முதலியோர் 1998இல் வெளியிட்ட முறையில், படத்திலுள்ள காய்ந்து கொதிக்கும் பொட்டல் ஒரு முனை, ஈரம் நிறைந்த குளிர்ந்த இடம் மறுமுனை. மற்ற வயல்கள் இவற்றுக்கிடையே எங்கு நிற்கின்றன என்று பார்க்கிறார்கள்.

இதில் நம் கரைக்கே உரிய தொல்லைகள் உண்டு. லாண்ட்சாட் 8, 9 கோள்கள் இரண்டும் சேர்ந்து எட்டு நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன. ஆனால் நம் நெல் வளர்வது மேகமூட்டமான மாதங்களில். மேகத்தின் மேற்பரப்புச் சூடுதான் கோளுக்குத் தெரியும், வயலின் சூடு தெரியாது. அவற்றின் உஷ்ணப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அரை ஏக்கர்காரரின் வாடிய பயிர், பக்கத்துப் பம்புசெட்டுக்காரரின் பசுமையோடு கலந்து ஒரே புள்ளியாகிவிடும். இராமேசுவரம், மண்டபம் கரைகளிலோ ஒரு புள்ளிக்குள் கடல், மணல், பனை எல்லாம் அடங்கக்கூடும். வாலிநோக்கத்து உப்பளத்தில் இன்னொரு சிக்கல்: உப்பு ஏற ஏற நீர் ஆவியாவது மந்தமாகும். நன்னீருக்குரிய கணக்கை அங்கே அப்படியே பொருத்தினால் பிழைதான்.

மேகத்தை ஊடுருவும் ரேடார் கோள்கள் இருக்கின்றனவே எனலாம். 2016-17 வறட்சியின்போது தமிழ்நாட்டில் நெற்பரப்பை அறிய அவற்றின் படங்கள் பயன்பட்டன. பயிர்க் காப்பீட்டுக்கும் அவை துணையாயின. ஆனால் ரேடார் காட்டுவது நடவும் வளர்ச்சியுமே. ஆவிச் செலவை அது நேரே அளப்பதில்லை.

காப்பீட்டுத் தொகை கிராமச் சராசரியைப் பொறுத்து வருகின்ற இக்காலத்தில், இந்த வேறுபாடுகள் ஏட்டுச் சுரைக்காயல்ல. கோளின் படத்தைச் சான்றாகக் காட்டுகிறவரிடம், அது எந்தத் தேதியில் எடுத்தது, மேகம் எவ்வளவு, ஒரு புள்ளி எத்தனை ஏக்கர் என்று கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. சீமைக் கருவேலம் நிலத்தடி நீரை எவ்வளவு குடிக்கிறது என்ற ஓயாத வழக்கிலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பேசுவது நலம்.

லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். கண்மாய்க் கரையில் அளவுகோல் ஒன்று நட்டு, மடை அடைத்த மழையில்லா நாட்களில் காலைதோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், மண்ணில் கசிந்ததும் ஆவியானதும் சேர்ந்த மொத்த இறக்கம் தெரியும். கோள் காட்டும் ஆவிச் செலவு அந்த இறக்கத்தைவிடக் கூடுதலாயிருந்தால், எங்கோ தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.